பழைய போர் விமானங்கள்: பறக்க விடலாமா, அப்படியே பாதுகாக்கலாமா?

கிரீன்லாந்தின் வடக்கே, ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் இடத்தில் 48 வருடம் கிடந்தது ஒரு பி-29 குண்டுவீச்சு விமானம். பெயர் ‘கீ பேர்ட்’. 1947 பிப்ரவரியில் வழி தவறி, எரிபொருள் தீரும் நிலையில் உறைந்த ஏரி ஒன்றில் அவசரமாக இறங்கிய அமெரிக்க உளவு விமானம் அது. உள்ளே இருந்த 11 பேரும் மீட்கப்பட்டார்கள். விமானம் மட்டும் அங்கேயே நின்றது. குளிரும் வறண்ட காற்றும் அதைக் கெடாமல் பார்த்துக்கொண்டன.

1990-களில் ஒரு குழு அங்கேயே அதைச் சரிசெய்து, பறக்கவைத்துக் கொண்டுவரக் கிளம்பியது. நான்கு இன்ஜின்களையும் மாற்றினார்கள். நடுவில் தலைமை மெக்கானிக் உடல்நலம் கெட்டு இறந்தே போனார். 1995 மே மாதம், ஓடத் தொடங்கிய விமானத்துக்குள் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. அரை நூற்றாண்டுப் பனி செய்யாத சேதத்தை மீட்பு முயற்சி செய்துவிட்டது.

அதே கிரீன்லாந்தில் நேர் எதிரான கதையும் உண்டு. 1942-ல் தரையிறங்கிய ஒரு லைட்னிங் ஃபைட்டரை, 1992-ல் சுமார் 82 மீட்டர் ஆழப் பனிக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்கள். பத்து வருட வேலைக்குப் பிறகு, 2002-ல் ‘கிளேசியர் கேர்ள்’ என்ற பெயரில் அது பறந்தது.

ஆக, எது சரி?

பறந்தால் என்ன பிரச்சினை?

ஒரு விமானம் பாதுகாப்பாகப் பறக்கணும்னா, துருப்பிடித்த தகடு, விரிசல் விட்ட இறக்கைச் சட்டம், பழைய ஒயரிங் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். தூண், ஓடு, சுவர் என எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ‘இது தாத்தா கட்டின வீடு’ என்று சொல்வது போலத்தான். சிதைந்த மிச்சத்திலிருந்து பெரும்பகுதி புது உலோகத்தில் எழும்பிய ஸ்பிட்ஃபயர்கள் இன்று பறக்கின்றன. அழகுதான். ஆனால் போருக்குப் போன உலோகம் அதில் எவ்வளவு?

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஃப்ளாக்-பெய்ட்’ விமானத்தைப் பாருங்கள். 200-க்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய்வந்தது. உடம்பெல்லாம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டைகளை அடைத்த ஒட்டுகள். அங்குள்ளவர்கள் அந்தப் பழைய பெயின்டைக்கூட உரிக்காமல் காப்பாற்றுகிறார்கள். பளபளவென்று ஆக்கியிருந்தால் சாட்சியே அழிந்திருக்கும்.

உயிர்ப் பலியும் உண்டு. 2019 அக்டோபரில் கனெக்டிகட்டில் ஒரு பி-17 விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் காசு கொடுத்து ஏறிய பயணிகள். 2022 நவம்பரில் டல்லஸ் ஏர் ஷோவில் ஒரு பி-17-உம் கிங்கோப்ரா ஃபைட்டரும் மோதியதில் 6 பேர் இறந்தார்கள். இரண்டாவதற்கு விமானங்களின் வயது காரணமல்ல. ஷோவைத் திட்டமிட்ட விதம்தான் காரணம். ஆனால் மொத்தம் 12,731 தயாரிக்கப்பட்ட பி-17-களில் இன்று பறக்கக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். போனது போனதுதான்.

அப்போ நிறுத்தியே வைக்கலாமா?

நிறுத்திவைத்தாலே பத்திரம் என்று இல்லை. புகழ்பெற்ற ‘மெம்ஃபிஸ் பெல்’ விமானமே பல வருடம் திறந்தவெளியில் நின்று வெயில், மழை, திருட்டு எல்லாவற்றுக்கும் ஆளானது. பிறகு டேட்டன் நகரில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம் அதைச் சீராக்கி, 2018-ல்தான் மக்கள் பார்வைக்கு வைத்தது.

இந்தியாவிலேயே ஒரு உதாரணம் இருக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்பூரில் பயன்படாதபடி சிதைத்து விடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை ஹெச்.ஏ.எல். பழுதுபார்த்தது. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. அதனால்தான் இன்று பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில்கூட இங்கிருந்து போன ஒரு லிபரேட்டர் நிற்கிறது. ஓட்டாமல் விட்டிருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்பது சரிவராது. அந்த ரகத்தில் கடைசியாக மிஞ்சியதா, போரின் தழும்பு அதன் மேலேயே இருக்கிறதா? அப்படியென்றால் தொடவே கூடாது. போரைப் பார்க்காமலே மிஞ்சியது, ஒரே ரகத்தில் பல இருக்கின்றன என்றால் பறக்கட்டும். அந்த இன்ஜின்களைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன; பறக்கும் விமானம்தான் அந்த வேலையைப் புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. டிக்கெட் வாங்கிய பயணிகளை மட்டும் ஏற்ற வேண்டாம்.

இங்கிலாந்தின் ஈஸ்ட் கிர்க்பியில் ‘ஜஸ்ட் ஜேன்’ என்றொரு லங்காஸ்டர் இருக்கிறது. 1945-ல் தயாரானது, போருக்குப் போகவில்லை. பல வருடமாகப் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு தரையில் மட்டும் ஓடுகிறது. நான்கு இன்ஜினும் முழங்கும். இப்போது அதைப் பறக்கவைக்கும் வேலை நடக்கிறது. உலகில் பறக்கும் நிலையில் இருக்கும் லங்காஸ்டர்கள் இரண்டே இரண்டு. இது மூன்றாவதாக இருக்கும்.