வீட்டிலேயே குணமாகும் காசநோய்!
சென்னை ஆராய்ச்சி உலகுக்குச் சொன்ன சேதி

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால்?

அந்தக் காலத்தில் சானடோரியத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு எல்லாம் வேண்டும். படுக்கைகளோ குறைவு. ஏழை எங்கே போவான்?

நால்வர் கூட்டு

1956-ம் ஆண்டு. விருதுநகர் ஈன்ற காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தார். அப்போது சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கை கோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமை வகித்தார்.

193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்துதான்: ஐசோனியாசிட், பாஸ். ஓர் ஆண்டு கொடுத்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணம் அடைந்தார்கள்! நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

மருந்தை விட்டால் ஆபத்து

ஆனால், வீட்டில் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்களா? சிறுநீரைச் சோதித்தார்கள். சொல்லாமல் வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். சிலர் மருந்தை விட்டுவிட்டது தெரிந்தது. அதனால், கண் எதிரே மருந்து சாப்பிட வைக்கும் முறையையும் சென்னையில் சோதித்தார்கள். பிறகு அந்த முறை உலகெங்கும் பரவியது.

மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். அப்படி முரண்டு பிடிக்கும் காசத்துக்கு முன்பு 20 மாதம் வரை சிகிச்சை தேவைப்பட்டது. பல நாடுகளின் கூட்டு ஆராய்ச்சியால் புதிய மாத்திரைகள் வந்தன. பெடாகுயிலின், பிரெடோமனிட் முதலிய நான்கு மருந்துகளைச் சேர்த்து 6 மாதம் கொடுக்கும் சிகிச்சைக்கு 2024-ல் இந்திய அரசு அனுமதி அளித்தது. 1956-ல் பிறந்த அந்த நிலையம், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இன்றும் ஆராய்ச்சி நடத்துகிறது.

தூசி என்று இருக்காதீர்கள்!

பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் இருமல் வந்தால், "மருந்துத் தூசிதான்" என்று சொல்லிவிடுவது எளிது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துப் பாருங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள்!