நான்கெழுத்து ஊர்ப்பெயரும் இணைய முகவரியும்

புத்தளம் மாவட்டத்திலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் ஊர்களுள் மாம்புரியும் ஒன்றாகும். மா, ம், பு, ரி என நான்கெழுத்தால் இயன்ற இப்பெயர் இணைய முகவரியொன்றின் உட்பகுதியில் இடம்பெறுமாயின் 72 குறிகளாக விரிகின்றது. இவ்விரிவு எங்ஙனம் நிகழ்கின்றது, இதனைக் கருதாது இயற்றப்பட்ட மென்பொருள்கள் எவ்விடத்து இடறுகின்றன என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைய முகவரிக்கான பொதுவிதிகள் 2005ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டன. அவற்றின்படி 52 இலத்தீன் எழுத்துக்கள், 10 இலக்கங்கள், 4 குறிகள் ஆகிய 66 மட்டுமே எவ்விடத்தும் தடையின்றி நிற்கத்தக்கன. சாய்கோடு, வினாக்குறி முதலிய சில, முகவரியின் உறுப்புக்களைப் பிரிக்கும் தொழிலுக்கென ஒதுக்கப்பட்டவை. தமிழெழுத்து இவ்விரு வகையுள்ளும் அடங்காமையின், அது வேற்றுருப் பெறுதல் வேண்டும்.

ஒருங்குறியில் அகரமேறியவை ஒழிந்த உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் பொதுவாக இவ்விரண்டு கூறுகளாகப் பதியப்படுகின்றன. எனவே மாம்புரியின் நான்கெழுத்தும் எட்டுக் கூறுகளாகும். கூறு ஒவ்வொன்றும் மும்மூன்று பைற்றாகச் சேமிக்கப்பட, அவை 24 ஆகும். பைற்று ஒவ்வொன்றும் ஒரு வீதக்குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக எழுதப்பட, மொத்தம் 72 குறிகளாகின்றன. சிங்கள எழுத்துக்கும் இக்கணக்கே பொருந்தும்.

இனி, இடறும் இடங்களை நோக்குவாம். முதலாவது, மீள்மாற்றம். மாற்றப்பட்ட முகவரியை மென்பொருள் மீண்டுமொருமுறை மாற்றுமாயின், வீதக்குறியும் மூன்று குறிகளாக விரியும். அப்பொழுது 72 என்பது 120 ஆகும். முகவரியும் ஊரைக் காட்டாதொழியும்.

இரண்டாவது, நறுக்கல். ஊர்ப்பெயருக்கு 50 குறிகளே இடமெனத் தரவுத்தளம் வரையறுத்ததாகக் கொள்வோம். ‘மாம்ப’ என்பதுவரை 45 குறிகள் செல்லும். எஞ்சிய ஐந்தும் உகரக் குறியை நிறைவு செய்யமாட்டா. ஆகவே பெயர் இடையில் முறிந்து, இறுதியில் பொருளற்ற குறிகள் தோன்றும்.

மூன்றாவது, ஒத்த உருவமும் வேறுபட்ட பதிவும். அயலூராகிய நுரைச்சோலையின் ‘சோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே கூறாகவும் பதியலாம். ஏகாரக் குறியும் கால்குறியுமாகிய இரு கூறுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைற்றுக்களை மட்டும் ஒப்புநோக்கும் கணினிக்கோ அவை இருவேறு பெயர்கள். ஆதலின் உள்ள பக்கமும் இல்லையெனப்படும்.

நிற்க. ஊர்ப்பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதிவிடின் இடர் நீங்குமன்றோ எனச் சிலர் வினவலாம். நீங்குவது மென்பொருளின் இடரேயன்றி வாசகரின் இடரன்று. வழக்கமான இலத்தீன் எழுத்தமைப்பு குறில் நெடிலையோ, ந, ன, ண என்பவற்றையோ வேறுபடுத்துவதில்லை. மாம்புரியோ, மம்புரியோ, மாம்பூரியோ என வெளியூரார் மயங்குவர். பெரிய நகரங்களின் பெயர்கள் பழக்கத்தால் அறியப்படும். சிற்றூருக்கு அதன் எழுத்தே சான்று.

இதற்குப் பரிகாரம் அரியதன்று. முகவரியை ஏற்குமிடத்து ஒருமுறை மட்டும் குறிநீக்குதல், ஒத்த வடிவங்களை ஒரே வடிவாக்கிச் சேமித்தல், வெளியிடுமிடத்து ஒருமுறை மட்டும் குறியாக்குதல், நீளத்தைக் குறிகளால் அளவாது எழுத்துக்களால் அளத்தல் ஆகிய நான்கும் போதியன. 2010ஆம் ஆண்டில் ‘.இலங்கை’ எனும் ஆள்களப் பெயர் இணையத்தின் மூலப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆள்களப் பெயருக்குரிய மாற்றுமுறை வேறாதலின், முகவரியின் தலைப்பகுதியில் தமிழ் இடம்பெற்றமை மட்டும் உட்பகுதியின் இடரைத் தீர்க்கவில்லை. வாயிலில் தமிழ்ப்பெயர் பொறித்தபின், உள்ளே செல்வோர் வழிதவறாது காத்தலும் மென்பொருள் இயற்றுவோரின் கடனாகும்.