‘எப்பவோ முடிஞ்ச கதை’ முடியாதபோது

2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றும் இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. வேலை நிறுத்தப்பட்டு, விடயம் மூதூர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த எலும்புகள் யாருடையவை என்பது கட்டாயம் விடை காணவேண்டிய கேள்வி. அதனோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும்: 1990 ஜூலைப் படுகொலையையும் 2006இன் குண்டுவீச்சையும் கண்ட ஓர் ஊரில் இப்படி ஒரு செய்தி எத்தனை பேரின் நித்திரையைப் பறிக்கும்? 2006 ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி தற்கொலைத் தாக்குதலுக்கு இலக்கான அன்றே சம்பூர் உள்ளிட்ட மூதூர் கிழக்கில் விமானங்கள் குண்டு வீசின. செப்டம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் கையில் விழுந்தது. சனங்கள் வாகரை, மட்டக்களப்பு என்று ஓடி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். 2007இல் ஊர் உயர்பாதுகாப்பு வலயமானது. காணிகள் திரும்பக் கிடைத்தது 2015இலும் 2016இலும்தான். ‘அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதை’ என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊரின் மனவடுவை நாம் காணாமல் விடுகிறோம். எத்தனை வருடம் கடந்தது என்பதல்ல மனவடு நோயின் அளவுகோல். நடந்தது இன்றைய பொழுதை என்ன செய்கிறது என்பதே.

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் எல்லோரும்தான் திடுக்கிடுவார்கள். அடுத்த கணம் சிரித்துவிட்டுச் சாமி பார்ப்பார்கள். மனவடு நோய் உள்ளவருக்கு அந்தச் சத்தம் எறிகணையாகவே கேட்கும். வாய் வறண்டு, வியர்த்துக் கொட்ட, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதியை விட்டு வெளியேறுவார். அடுத்த வருடம் திருவிழாப் பக்கமே வரமாட்டார். உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்குச் சொல்லும் மூன்று முக்கிய அடையாளங்களும் இதிலேயே இருக்கின்றன: நடந்தது இப்போது நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, ஆபத்து இன்னமும் வாசலில் நிற்பதாக உடம்பு விழித்தே இருப்பது. மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா ஓயாமல் எச்சரிக்க, நினைவுக்கு இடமும் காலமும் பொருத்தித் தரும் ஹிப்போகாம்பஸ் தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அதனால்தான் பழைய நினைவு பழையதாக உணரப்படுவதில்லை. சிலருக்கு முழு அறிகுறிகளும் ஆறு மாதத்துக்குப் பின்னரே தலைகாட்டுவதையும் மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வைத்தியசாலைக்கு வருபவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். ‘நெஞ்சு பதகளிக்குது, தலையிடி, உடம்பெல்லாம் நோவு’ என்பார், ஈ.சி.ஜி. சரியாக இருக்கும்; பனடோலோடு வீடு திரும்புவார். வீட்டிலோ அது எரிச்சலாக, குடியாக, பிள்ளைகளோடு ஒட்டாத மௌனமாக வெளிப்படும்.

சம்பூரில் படாத பாடு பட்டவர்கள் எல்லோரும்தானே, துயரத்தையே நோயாக்குவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வில், மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடமும், பதகளிப்பு 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 வீதத்தினரிடமும் காணப்பட்டன. போருக்குள் வாழ்ந்த பெரும்பாலானோருக்கு மனவடு நோய் இல்லை. ஆகவே எல்லோரையும் நோயாளியாக்க எவரும் முனையவில்லை. நோயுற்ற சிலரை, எல்லோருக்கும் பொதுவான துயரத்துக்குள் தொலைத்துவிடக்கூடாது என்பதே கோரிக்கை. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் அறிகுறிகள் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. இங்கிருந்துதான் வலுவான இரண்டாவது மறுப்பு பிறக்கிறது: காணியும் தொழிலும் காணாமல்போனோர் பற்றிய பதிலும் தராமல் ஆற்றுப்படுத்தல் மட்டும் எதற்கு? போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைக்கிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் நீதி வரும்வரை சிகிச்சை காத்திருக்கட்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவல்ல. நித்திரையில்லாத மனிதரால் காணிப் பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு அலைவதும் கடினம், நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொல்வதும் கடினம்.

ஒரு பெரும் அதிர்ச்சிக்குப் பின் முதற்சில கிழமைகள் கெட்ட கனவும் திடுக்கிடலும் வருவது இயல்பு. பெரும்பாலும் தானே தணியும். அந்த நாட்களில் நடந்ததைச் சொல்லும்படி ஒருவரை வற்புறுத்துவது உதவாது. ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் நீடித்து, தொழிலையோ குடும்பத்தையோ குலைத்தால் உதவி தேடவேண்டும். வருடங்கள் கழித்துத் தொடங்கினாலும் அப்படித்தான். சிகிச்சைக்குப் பலன் உண்டென்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. போராலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேரில் ஒரு பகுதியினருக்குத் தம் வாழ்க்கையை வரிசையாகக் கதைசொல்லும் சிகிச்சையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தரப்பட்டன. ஆறு மாதம் கழித்து முதற்குழுவில் 81 வீதத்தினரும் மற்றதில் 71 வீதத்தினரும் தேறியிருந்தார்கள். மிகச் சிறிய ஆய்வு, ஆனாலும் நம்பிக்கை தருவது. சிகிச்சைக்காகக் காளிகோயில் நேர்த்தியைக் கைவிட வேண்டியதில்லை. அதையும் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கும் போகலாம். நித்திரைக் குளிசையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மூதூர் வைத்தியசாலையில் எந்த வைத்தியரிடமும் தொடங்கி, உளநலப் பிரிவுக்கு அனுப்பும்படி வாய்விட்டே கேட்கலாம். நெஞ்சுநோவோடு கெட்ட கனவையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு மாதக் கணக்கெல்லாம் இல்லை: அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். வீட்டிலுள்ளவர்கள் அவரைத் தனியே விடக்கூடாது.