கசப்பில் மறைந்திருந்த மருந்து

கசப்பனவெல்லாம் வெறுக்கத்தக்கன அல்ல. மலேரியாக் காய்ச்சலிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த கொயினா, கசப்பின் உருவமேயன்றோ!

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளர்வது சிங்கோனா மரம். அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதைப் பெரு நாட்டில் பணியாற்றிய இயேசு சபையினர் 17-ஆம் நூற்றாண்டில் அறிந்து, அதனை உரோமைக்கு அனுப்பினர். அங்கே கர்தினால் ஹுவான் தெ லூகோ அதனை ஏழை நோயாளிகளுக்குக் கிடைக்கச் செய்தார். ‘இயேசு சபையார் பட்டை’ என்றே அது பெயர் பெற்றது.

ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. பட்டையை இடித்துத் தூளாக்கித் திராட்சை இரசத்தில் கலந்து பருகுவர். ஒரு மரத்தின் பட்டையில் மருந்துச் சத்து மிகுதி, மற்றொன்றிலோ சொற்பம். வேறு பட்டைகளைக் கலந்து விற்ற வணிகரும் உண்டு. எவ்வளவு கொடுத்தால் நோய் தீரும் என்று எந்த மருத்துவராலும் உறுதி கூற இயலவில்லை. பட்டையில் நோய் தீர்க்கும் பொருள் எது? அதனை மட்டும் தனியே பிரிக்க இயலுமா?

இரு நண்பர்களின் முயற்சி

இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் பாரிஸ் நகர மருந்தியலார் இருவர்: 32 வயதினரான பெல்லெத்தியே, 25 வயதினரான கவான்தூ. எட்டி இனக் கொட்டைகளின் கொடிய நஞ்சாகிய ஸ்ட்ரிக்னினை 1818-இல் பிரித்தெடுத்தவர்களும் இவர்களே.

1820-இல் அவர்கள் சிங்கோனாவை ஆராயத் தொடங்கினர். சாம்பல் நிறப் பட்டையிலிருந்து சிங்கோனின் என்னும் படிகம் கிடைத்தது. இதனை லிஸ்பன் நகர மருத்துவர் கோமெஸ் முன்னரே கண்டிருந்தார். மஞ்சள் பட்டையிலும் அதுவே கிடைக்கும் என எதிர்பார்த்தனர். கிடைத்ததோ படிகமாக மறுத்த, பிசின் போன்ற வெளிர்மஞ்சள் பொருள்! அதனை அழுக்கென்று எறிந்துவிடாமல் பொறுமையுடன் சோதித்தனர். சிங்கோனின் ஈதரில் எளிதில் கரையாது. இதுவோ நன்கு கரைந்தது. எனவே இது வேறொரு பொருள் என்று தெளிந்தனர். அதுவே கொயினா.

இனி மருத்துவர், மருந்தை நிறுத்து அளந்து கொடுக்கலாம். கண்டவர்கள் காப்புரிமை கோரவில்லை. செய்முறையை உலகறிய வெளியிட்டனர். பிரெஞ்சு அறிவியல் கழகம் 1827-இல் அவர்களுக்கு 10,000 பிராங்க் பரிசளித்துப் பாராட்டியது. பட்டையின் தேவை பெருகவே, பிற நாடுகளிலும் சிங்கோனா பயிரிடப்பட்டது. நமது நீலகிரியில் 1860-களில் அரசுத் தோட்டங்கள் எழுந்தன.

இன்று மலேரியா மருத்துவத்தில் கொயினாவின் முதலிடத்தை ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் பெற்றுவிட்டன. அம்மருந்தின் மூலமும் ஒரு செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே. அன்று அவ்விருவர் சென்ற பாதை இன்னும் மூடப்படவில்லை. தாம் அறிந்ததைத் தமக்கென்று பூட்டி வைக்காத அவர்களது பெருந்தன்மையும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கதாகும்.