கயாக் மின் நீரிறைப்பான்

கயாக் மின் நீரிறைப்பான் என்பது, கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகினுள் புகும் நீரை மின்னோடியின் துணையால் வெளியேற்றும் சிறு எக்கி (பம்பு) ஆகும். இது பில்ஜ் பம்பு என்றும் அழைக்கப்படுகிறது. படகு ஆர்வலர் பலர் இதனைத் தாமே அமைத்துக் கொள்கின்றனர்.

தேவை

தமிழகக் கடற்கரைக்குரிய கட்டுமரத்தில் நீர் தேங்குவதில்லை. மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். மேலே அமர்ந்து செலுத்தும் கயாக் வகையும் வடிதுளைகள் உடையது. ஆனால் வள்ளம் போன்ற குழிவான படகுகளில் புகுந்த நீரை இறைத்தே ஊற்ற வேண்டும். உள்ளே அமர்ந்து செலுத்தும் கயாக்கும் இத்தகையதே.

இவ்வகைக் கயாக் கவிழ்ந்து நிமிர்த்தப்படும்போது, உள்ளே தங்கிய நீர் பக்கவாட்டில் அலைந்து படகை மீண்டும் கவிழ்க்கக்கூடும். கையால் இறைப்பவர் துடுப்பை விட நேரும். மின் எக்கி இயங்குகையில் இரு கைகளும் துடுப்பிலேயே இருக்கும். இதுவே அதன் முதன்மைப் பயன்.

மின் வழங்கல்

மணிக்கு ஏறத்தாழ 1,900 லிட்டர் எனக் குறிக்கப்படும் 12 வோல்ட் எக்கி, சுமார் 2 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். நீரை உயர்த்த வேண்டியிருப்பதால் உண்மையில் வெளியேறும் அளவு குறையும். மணிக்கு 1,200 லிட்டர் கிடைத்தாலும், 100 லிட்டர் நீரை 5 நிமிடங்களில் அகற்றலாம். இதற்குச் செலவாவது ஏறத்தாழ 0.17 ஆம்பியர்-மணி மட்டுமே. எனவே பெரிய மின்கலம் (பேட்டரி) தேவையில்லை.

பயன்படுத்தத்தக்க மின்கலங்கள்:

- ஈய-அமில மின்கலம்: யூ.பி.எஸ். கருவிகளில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி வகை எளிதில் கிடைக்கும். இரண்டு கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. பாதிக் கொள்ளளவிலேயே இவ்வெக்கியை ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் இயக்கும்.
- நிக்கல் உலோக ஐதரைடு: 1.2 வோல்ட் கலங்கள் 10 தொடராக இணைக்கப்படும்.
- இலித்தியம் இரும்பு பாசுபேட்டு: 3.2 வோல்ட் கலங்கள் 4 தொடராக இணைந்து 12.8 வோல்ட் தரும். எடை குறைவு, பாதுகாப்பு மின்சுற்று இன்றியமையாதது.

பாதுகாப்பு

இவ்வமைப்பில் பெரும்பாலும் பழுதாவது மின்கலம் அன்று. உப்புநீர் அரித்த இணைப்புகளே. ஆகவே வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பிகளும், நீர்புகாப் பெட்டியும் சொடுக்கியும் பரிந்துரைக்கப்படுகின்றன. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கம்பி எரியாதிருக்க, நேர்முனைக்கு மிக அருகில் உருகி (பியூசு) பொருத்தப்படும். அதன் அளவு எக்கியின் குறிப்பேட்டில் இருக்கும். ஈய-அமில மின்கலம் மின்னேற்றத்தின்போது எரியும் தன்மையுள்ள ஐதரசன் வளிமத்தை வெளியிடக்கூடும். அதனைப் படகிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் மின்னேற்றுதல் வேண்டும். வெளியேற்றுக் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே அமையாவிடில், எக்கி நின்றதும் நீர் மீண்டும் உட்புகும்.

மின்சாரம் எவ்வேளையும் தடைபடலாம் என்பதால், கை எக்கி ஒன்றும் படகில் வைக்கப்படுகிறது.