கிறித்தவ வழிபாட்டில் நடனம்

கிறித்தவ வழிபாட்டு நடனம் என்பது, கிறித்தவக் கோயில்களில் நடைபெறும் பொது வழிபாட்டின்போது இறைவனைப் போற்றவும், வேண்டவும், காணிக்கை செலுத்தவும் உடலசைவுகளைப் பயன்படுத்தும் வழக்கம் ஆகும். பாடலும் இசையும் ஏறக்குறைய எல்லாக் கிறித்தவ சபைகளிலும் ஏற்கப்பட்டுள்ளன. நடனம் அவ்வாறு ஏற்கப்படவில்லை. சில சபைகளில் அது பழைமையான மரபு. சிலவற்றில் அண்மையில் புகுந்தது. வேறு சிலவற்றில் முற்றிலும் விலக்கப்பட்டது. ஆடுபவர் வேண்டுகிறாரா அல்லது காட்சி நிகழ்த்துகிறாரா என்பதே இது குறித்த விவாதங்களின் அடிப்படைக் கேள்வி ஆகும். தமிழ்நாட்டில் இக்கேள்வியுடன் சாதி, பெண்ணின் நிலை, கோயில் நடனத்தின் வரலாறு ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன.

## வகைகள்

வழிபாட்டில் இடம்பெறும் நடனத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

* பவனி நடனம்: குரு பீடத்தை நோக்கி வரும்போதும், நற்செய்தி நூல் எடுத்து வரப்படும்போதும், அப்பமும் இரசமும் காணிக்கையாகக் கொண்டுவரப்படும்போதும் ஆடப்படுவது. இதில் நடனம் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் சடங்கின் பகுதியாக உள்ளது.
* விளக்க நடனம்: ஒரு பாடலின் பொருளையோ விவிலிய நிகழ்ச்சியையோ அபிநயத்தால் காட்டுவது. பயிற்சி பெற்ற சிலர் ஆட, மற்றவர்கள் பார்ப்பர்.
* தன்னெழுச்சி நடனம்: முன்னேற்பாடின்றி, பாடலின் எழுச்சியில் சபையார் தாமே கைதட்டியும் குதித்தும் ஆடுவது. பெந்தெகொஸ்தே சபைகளில் இது காணப்படுகின்றது. அச்சபையினர் இதனைத் தூய ஆவியின் செயலாகக் கருதுவர்.

முதல் வகைக்கு எதிர்ப்பு பொதுவாகக் குறைவு. சபையாரைப் பார்வையாளர் ஆக்கிவிடக்கூடும் என்பதால் இரண்டாம் வகையே மிகுதியான விவாதத்திற்கு உள்ளாகின்றது.

## விவிலியத்தில் நடனம்

பழைய ஏற்பாட்டில் செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கஞ்சிராவை எடுத்துக்கொண்டு பெண்களுடன் ஆடியது விடுதலைப் பயணம் 15ஆம் அதிகாரத்தில் கூறப்படுகின்றது. தாவீது அரசர் உடன்படிக்கைப் பேழையின் முன் ஆடியது 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவருடைய மனைவி மீக்கால் அதனைக் கண்டு அரசனுக்கு அடாத செயல் என இகழ்ந்தார். நடனம் பற்றிய பிற்காலச் சர்ச்சையின் இரு தரப்புகளையும் இந்நிகழ்ச்சியிலேயே காணலாம். திருப்பாடல்கள் 149, 150 ஆகியன நடனத்தால் இறைவனைப் போற்றுமாறு அழைக்கின்றன.

மறுபுறம், பொற்கன்றைச் சுற்றி மக்கள் ஆடியதும், ஏரோதியாளின் மகள் ஆடியதன் விளைவாகத் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்பட்டதும் விவிலியத்தில் உள்ளன. நடனத்தை எதிர்ப்போர் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவர். புதிய ஏற்பாட்டில் தொடக்கத் திருச்சபையின் கூட்டங்களில் நடனம் இடம்பெற்றதாகக் குறிப்பு இல்லை.

## திருச்சபை வரலாற்றில்

4ஆம் நூற்றாண்டில் புனித யோவான் கிறிசோஸ்தோம் நடனத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கி.பி. 589இல் எசுப்பானியாவில் கூடிய மூன்றாம் தொலேதோ சங்கம் புனிதர் திருநாள்களில் மக்கள் ஆடுவதைத் தடை செய்தது. இத்தகைய தடைகள், வழக்கம் மக்களிடையே நீடித்ததையும் உணர்த்துகின்றன.

தடைகளையும் மீறிச் சில மரபுகள் இன்றுவரை தொடர்கின்றன. எசுப்பானியாவின் செவீயா பேராலயத்தில் கிறித்துவின் திருவுடல் திருநாளிலும் வேறு சில நாள்களிலும் சிறுவர்கள் பீடத்தின் முன் ஆடுகின்றனர். லக்சம்பர்க்கு நாட்டின் எக்டர்நாக்கு நகரில் தூய ஆவி திருநாளுக்குப் பின்வரும் செவ்வாய்க்கிழமையன்று மக்கள் துள்ளி ஆடியவாறு புனித வில்லிபுரோர்டின் கல்லறைக்குப் பவனியாகச் செல்வர். இப்பவனி 2010இல் யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையில் பாடகர்கள் கைத்தடியும் கிலுகிலுப்பையும் ஏந்தி, முரசொலிக்கேற்ப மெதுவாக அசைந்து ஆடுவது வழிபாட்டின் பிரிக்க இயலாத பகுதியாகும். ஆப்பிரிக்காவின் சயீர் (இன்றைய கொங்கோ சனநாயகக் குடியரசு) நாட்டிற்கென 1988இல் உரோமை ஏற்பளித்த திருப்பலி முறையும் தாள அசைவுகளுக்கு இடம் தருகின்றது.

## தமிழ்நாட்டில்

### பெத்லகேம் குறவஞ்சி

தஞ்சாவூர் வேதநாயக சாத்திரியார் (1774–1864) 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். குறவஞ்சி என்பது ஆடுவதற்குரிய நாடக இலக்கிய வகை ஆகும். தலைவன் உலா வருவதும், தலைவி காதல் கொள்வதும், குறத்தி குறி சொல்வதும், சிங்கன் பறவை பிடிப்பதும் இதன் வழக்கமான உறுப்புகள். சாத்திரியார் இவ்வமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, இயேசுவைத் தலைவனாகவும், சீயோன் குமாரியைத் தலைவியாகவும், விசுவாசத்தைக் குறத்தியாகவும் ஆக்கினார். ஞானச் சிங்கன் பிடிக்கும் பறவைகள் மனித ஆன்மாக்கள்.

சாத்திரியாரும் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவர்கள். அம்மன்னரைத் தலைவராகக் கொண்டு சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. பெத்லகேம் குறவஞ்சியோ கதாகாலட்சேபமாகப் பாடப்பட்டே பரவியது. ஒரே நகரில், ஒரே காலப்பகுதியில் தோன்றிய இரு குறவஞ்சிகளுள் ஒன்று வழிபாட்டிடத்தில் உடலால் ஆடப்பட்டது. மற்றொன்று குரலோடு நின்றது. தமிழ்ச் சீர்திருத்த சபைகள் நாட்டின் இசையை ஏற்றுக் கீர்த்தனைகளைப் பாடினாலும், ஆட்டத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திய நிலைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

### தயக்கத்தின் காரணங்கள்

அக்காலத்தில் தமிழகத்தின் செவ்வியல் நடனமாகிய சதிர், தேவதாசிகள் எனப்பட்ட பெண்களிடம் இருந்தது. மறைப்பணியாளர்கள் அந்நடனத்தை அப்பெண்களின் இழிநிலையுடன் சேர்த்தே கண்டனர். 1890களில் சென்னையில் நடந்த சதிர் எதிர்ப்பு இயக்கத்தில் அவர்களும் இந்தியச் சீர்திருத்தவாதிகளும் பங்கேற்றனர். 1901 முதல் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பெண் குழந்தைகளைப் பாதுகாக்கும் பணியை மேற்கொண்டார். தேவதாசி முறை 1947இல் சென்னை மாகாணச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

இதற்கிடையே 1930களில் சதிர் பரதநாட்டியம் என்னும் பெயருடன் பொது மேடைக்கு வந்தது. 1936இல் ருக்மிணி தேவி கலாசேத்திராவைத் தொடங்கினார். நடனம் கற்பது நடுத்தரக் குடும்பங்களில் மதிப்பிற்குரியதாக மாறிய பின்னரே, கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள் அதனைக் கற்கவும் கோயிலில் ஆடவும் வழி பிறந்தது.

### இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, அந்தந்த மக்களின் பண்பாட்டுக்கேற்பச் சடங்குகளைத் தகவமைக்க இடமளித்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அருட்தந்தை து. சி. அமலோர்பவதாசு 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் இம்முயற்சிகளுக்குத் தலைமையிடமாக விளங்கியது. 1969இல் இந்தியாவிற்கென 12 தகவமைப்புகளுக்கு உரோமை ஒப்புதல் வழங்கியது. தரையில் அமர்தல், காலணி நீக்குதல், கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி முதலியன அவற்றுள் அடங்கும். நடனம் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் கைகூப்புதலும் ஆரத்தியும் பீடத்தருகே வந்தபின், அவற்றை இசையோடு இணைத்து ஆடுவது ஓர் அடி தொலைவே எனலாம்.

திருச்சிராப்பள்ளியில் 1977இல் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் நிறுவிய கலைக்காவிரி, பின்னர் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. விவிலியக் கருப்பொருள்களைப் பரதநாட்டியத்தில் அமைத்து மேடையேற்றியதில் இந்நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. இன்று கத்தோலிக்கக் கோயில்களில் திருவிழா நாள்களிலும் குருப்பட்டத் திருப்பலிகளிலும் வருகைப் பவனிக்கும் காணிக்கைப் பவனிக்கும் சிறுமியர் சலங்கை கட்டி ஆடுவதைக் காணலாம்.

### முத்திரைகளின் சிக்கல்

பரதநாட்டியத்தில் நிருத்தம் பொருள் குறிக்காத தூய ஆடல் ஆகும். அதனைக் கிறித்தவப் பாடலுக்குப் பயன்படுத்துவதில் தடை இல்லை. அபிநயத்தில்தான் சிக்கல் எழுகின்றது. அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நூல் சிவன், திருமால் முதலிய தெய்வங்களுக்குத் தனித்தனிக் கைமுத்திரைகளை வகுத்துள்ளது. கிறித்துவுக்கு அதில் முத்திரை இல்லை. கத்தோலிக்கக் குருவாக இருந்து பரதநாட்டியம் பயின்ற பிரான்சிஸ் பார்போசா, தந்தை, மகன், தூய ஆவி, மரியா ஆகியோரைக் குறிக்கப் புதிய முத்திரைகளை உருவாக்கினார். கேரளத்தில் பிறந்து மேற்கு வங்காளத்தில் பணியாற்றும் இயேசு சபைக் குரு சாஜு ஜார்ஜும் இத்துறையில் அறியப்பட்டவர்.

எல்லா முத்திரைகளும் புதிதாகத் தேவைப்படவில்லை. இரு கைகளையும் கூப்பும் அஞ்சலி முத்திரையைத் தலைக்கு மேல் வைத்தால் கடவுளுக்கும், முகத்தின் முன் வைத்தால் குருவுக்கும் வணக்கம் என்பது அந்நூலின் விதி. கைகூப்புதல் கிறித்தவரின் செப நிலையாகவும் இருப்பதால், பார்ப்பவர் விளக்கமின்றியே அதனைப் புரிந்துகொள்வர்.

### பறையும் நாட்டுப்புற ஆட்டமும்

பண்பாட்டுமயமாதல் என்ற பெயரில் கருநாடக இசையும் பரதநாட்டியமும் மட்டுமே கோயிலுக்குள் வந்தன என்பது தலித் இறையியலாளரின் விமர்சனம். தமிழ்க் கிறித்தவரில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கலை பறையும் கும்மியும் ஒயிலாட்டமுமே. மதுரையில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டு முறையை அமைத்தார். 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்ட அவர், இறையியலை உழைக்கும் மக்களின் மொழியிலும் இசையிலும் சொல்ல முயன்றார். பறையை அடிப்பவர் ஆடிக்கொண்டே அடிப்பார். அக்கலையில் இசையையும் ஆட்டத்தையும் பிரிக்க இயலாது. சாவுக்கு அடிக்கும் மேளம் என விலக்கப்பட்ட கருவி பீடத்தின் முன் ஒலிப்பது, அதை அடிப்பவரின் மதிப்பை அவ்விடத்தில் மீட்பதாகும் என்பது இத்தரப்பின் வாதம்.

## ஈழத்தில் கூத்து

யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் கத்தோலிக்கர் நாட்டுக்கூத்து மரபை வளர்த்தனர். மூவிராசாக்கள் கதை, எண்டிரிக்கு எம்பரதோர் கதை ஆகியன புகழ்பெற்ற கூத்துகள். இவை கோயிலுக்கு உள்ளே அல்லாமல் முற்றத்தில், திருவிழாவை ஒட்டி விடிய விடிய ஆடப்பட்டன. அருட்தந்தை நீ. மரிய சேவியர் அடிகள் (1939–2021) 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தையும் கூத்தையும் தொடர்ந்து மேடையேற்றியது. வழிபாடு உள்ளே, ஆட்டம் வெளியே என்ற எல்லை இங்குத் தெளிவாகப் பேணப்பட்டது.

## திருப்பூர்ப் பகுதியில்

திருப்பூர்ப் பகுதி கத்தோலிக்கத் திருச்சபையில் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியத் திருச்சபையிலும் கோயம்புத்தூர்த் திருமண்டலத்திற்கு உட்பட்டது. பின்னலாடைத் தொழிலுக்காகத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, சார்கண்டு, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் இங்குக் குடியேறினர். இத்தகைய ஊரில் வெவ்வேறு நடன வழக்கங்கள் அருகருகே அமைகின்றன. பழைய சபைகளில் ஞாயிறு பள்ளிச் சிறுவர்களின் செய்கைப் பாடல்களும் கிறித்துமசு கால நடனங்களும் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் கைதட்டலும் தன்னெழுச்சி ஆட்டமும் உண்டு.

சார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோருள் முண்டா, ஓராவோன், காரியா ஆகிய பழங்குடிக் கிறித்தவரும் அடங்குவர். அவர்களின் ஊர்க் கோயில்களில் பெண்கள் கைகோத்து வரிசையாக, மாந்தர் என்னும் மத்தளத்திற்கேற்ப அடியெடுத்து வைத்துக் குருவைப் பீடத்திற்கு அழைத்து வருவர். அங்கும் தொடக்கத்தில் மறைப்பணியாளர் பலர் ஊர் ஆடுகளத்து ஆட்டங்களைத் தடுத்தனர். பின்னரே அவை கோயிலுக்குள் இடம்பெற்றன. இந்நடனத்தில் தனி ஆடுநர் இல்லை. பார்வையாளர் எனத் தனியாரும் இல்லை. வரிசையில் சேரும் எவரும் ஆடலாம். ஆண்டுக்கணக்கில் பயின்று தனியே ஆடும் பரதநாட்டியத்திலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டதாகும்.

## கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு

1975இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயத்தின் இதழில் வெளியான கட்டுரை, மேலைநாட்டுப் பண்பாட்டில் நடனம் கேளிக்கையுடன் பிணைந்துள்ளதால் அங்கு அதனைத் திருவழிபாட்டில் சேர்க்க இயலாது என விளக்கியது. நடனம் இன்றும் சமயப் பொருளுடன் விளங்கும் பண்பாடுகளுக்கு இது பொருந்தாது எனவும் அது வேறுபடுத்தியது. 1994இல் வெளியான உரோமை அறிவுறுத்தல், இயல்பாகவே பாட்டோடு அசைந்தாடும் மக்களுக்கு அது அனுமதிக்கப்படலாம் என்றது. அந்த அசைவு சமூகம் முழுவதன் உண்மையான வேண்டுதலாக இருத்தல் வேண்டும். வெறும் நிகழ்ச்சியாக ஆகிவிடக் கூடாது என்பது நிபந்தனை.

## விமர்சனங்கள்

* பின்னர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டு ஆன கர்தினால் ராட்சிங்கர், திருவழிபாடு பற்றி 2000இல் வெளியான தம் நூலில், நடனம் கிறித்தவத் திருவழிபாட்டின் வடிவம் அன்று என எழுதினார். வழிபாட்டின் நடுவே கைதட்டிப் பாராட்டுவது, அது பொழுதுபோக்காகிவிட்டதன் அடையாளம் என்பது அவர் கருத்து.
* பரதநாட்டியம் இந்து சமய வழிபாட்டிலிருந்து பிரிக்க இயலாதது என்றும், அதனைக் கிறித்தவத்திற்குப் பயன்படுத்துவது முறையன்று என்றும் நடன உலகில் சிலர் எதிர்க்கின்றனர். ஒரு கலைவடிவம் எல்லாச் சமயத்தவருக்கும் உரிய மொழி போன்றது என்பது எதிர்வாதம்.
* பரதநாட்டியம் நுழைந்ததால் மட்டும் வழிபாடு தமிழ் மக்களுடையதாகிவிடாது என்பது மேற்கூறிய தலித் இறையியலாளரின் கருத்து.

இம்மூன்றும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. ஆடப்படும் கலை எது என்பதைக் காட்டிலும், அது யாருடையது, கூடியிருப்போர் அதில் பங்கேற்கின்றனரா பார்த்துக்கொண்டிருக்கின்றனரா என்பதே ஒரு நடனம் வழிபாடாக ஏற்கப்படுவதைத் தீர்மானிக்கின்றது.

## இவற்றையும் பார்க்க

* குறவஞ்சி
* பரதநாட்டியம்
* வேதநாயக சாத்திரியார்
* பறை
* திருமறைக் கலாமன்றம்