சின்னத்திரைப் பேய்களும் நம் குலசாமிகளும்

மும்பைத் தமிழர்களில் இன்று நாற்பதைத் தாண்டி நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ராமாயணம், சித்ரஹார் என்று ஆரம்பித்து பத்தே நிமிடத்தில் பேச்சு பேய்க்கு வந்துவிடும். "அந்த ஜீ ஹாரர் ஷோ ஞாபகம் இருக்கா?" என்பார் ஒருவர். "விடாது கருப்பு பார்த்துட்டு எங்க தம்பிக்கு ரெண்டு நாள் காய்ச்சல்" என்பார் இன்னொருவர். இதை வெறும் அரட்டை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பயம் எந்த மொழியில் வந்தது, எந்தச் சாமியின் பெயரால் வந்தது என்பதும் நம் குடிபெயர்வுக் கதையில் ஒரு பகுதிதான்.

டி.வி. பெட்டிக்கு முன்பே அம்புலிமாமா வழியாக வேதாளம் நமக்குப் பழக்கம். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தை மறக்க முடியுமா? அதை வரைந்த ஓவியர் சங்கர் (2020-இல் மறைந்தார்) நம் தமிழ்நாட்டுக்காரர். 1985-இல் ராமானந்த் சாகர் அதே கதைகளைத் தூர்தர்ஷனுக்காக 'விக்ரம் அவுர் பேத்தாள்' என்று எடுத்தார். இந்தி தெரியாத தாய்மார்கள்கூட அதைத் தடையில்லாமல் பார்த்தார்கள். கதைதான் முன்பே தெரியுமே! ஆனால் அந்த வேதாளம் சிரித்தது, விடுகதை போட்டது. பயம் பாதி, வேடிக்கை பாதி.

நிஜமான நடுக்கம் 1993-இல் வந்தது. ஜீ டி.வி. தொடங்கி அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. ராம்சே சகோதரர்கள் என்ற பெயர் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிவினைக்குப் பிறகு கராச்சியிலிருந்து பம்பாய் வந்த சிந்திக் குடும்பம் அது. 1970-இல் இவர்கள் எடுத்த ஒரு படம் ஓடவில்லை. ஆனால் அதில் கோர முகமூடி போட்டுக்கொண்டு ஒருவன் திருட வரும் காட்சிக்கு மட்டும் ஜனங்கள் அலறி ரசித்ததைக் கவனித்தார்கள். 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' (1972), 'புரானா மந்திர்' (1984) என்று பேய்ப்படமே குடும்பத் தொழிலாயிற்று. அந்தச் சகோதரர்களில் துளசியும் ஷ்யாமும் சின்னத்திரைக்கென்றே எடுத்ததுதான் ஜீ ஹாரர் ஷோ. அதன் முதல் கதையின் பெயர் 'தஸ்தக்'. கதவைத் தட்டுதல் என்று பொருள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரம் எரிந்தபோது நாங்கள் தாராவியில் ஒற்றைக் கோலியில் இருந்தோம். அந்த நாட்களில் ராத்திரி கதவு தட்டப்பட்டால் வீட்டில் ஒருவரும் மூச்சு விடமாட்டோம். அம்மா விளக்கை அணைத்துவிடுவார். அதே ஆண்டில்தான் 'தஸ்தக்' வந்து கதவைத் தட்டியது. அண்டை வீடுகளிலிருந்தும் வந்து, பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்து பார்த்தோம். "மனுசனுக்குப் பயந்த பொறவு பேய்க்குப் பயப்படுறது சொகமாத்தாம்ல இருந்துச்சு" என்று எங்கள் அண்ணன் ஒருவர் பிற்பாடு சொன்னார்.

சினிமாப் பேய்க்கும் டி.வி. பேய்க்கும் உள்ள வித்தியாசத்தையும் அந்தக் கோலியில்தான் கண்டேன். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் படம் பார்த்தால், முடிந்ததும் கிங்ஸ் சர்க்கிள் வெளிச்சத்துக்கு வந்துவிடலாம். டி.வி. பேயை எங்கே விட்டுவிட்டு வருவது? அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தை அதிகம் காட்ட முடியாது, செலவும் செய்ய முடியாது. ஆகவே கதவு, திரைச்சீலை, காலடி ஓசை இவற்றை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். கை தாழ்ப்பாளில் பட்டதும் விளம்பரம் வந்துவிடும்! பல வாரம் நீளும் கதையில், நடுவில் வரும் ஏழு நாளும் பார்ப்பவன் மனசே பாக்கிப் படத்தை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவிலும் இப்படித்தான். 1973-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காக எடுத்த 'டோண்ட் பி அஃப்ரெய்ட் ஆஃப் தி டார்க்' படத்தில், மூடிய கணப்படுப்புக்குள்ளிருந்து கிசுகிசுக்கும் குட்டி உருவங்களை, அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் வயதான பிறகும் மறக்கவில்லை. எங்களுக்கோ, சீரியல் முடிந்தபின் சந்தின் கோடியிலிருக்கும் பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய ஹாரர் எந்த ராம்சேயும் எடுக்கவில்லை!

1995-இல் சோனியில் பி.பி. சிங்கின் 'ஆஹட்' தொடங்கியது. நன்றாகவே இருந்தது. ஆனாலும் அது அடுத்தவர் வீட்டுப் பேய். ஹவேலி, கல்லறை, சிலுவை இவையெல்லாம் எங்கள் கனவுக்குள் முழுசாக இறங்கவில்லை.

கேபிள்காரர் தயவில் சன் டி.வி. வந்தபின் நிலைமை மாறியது. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையை நான் உயர்வாக மதிக்கிறேன். முதலில் வந்த 'ரகசியம்' நவபாஷாண லிங்கம், சித்த மருத்துவம் என்று போயிற்று. அடுத்து 'விடாது கருப்பு'. இருட்டில் வெள்ளைக் குதிரை, கையில் அரிவாள். தப்பு செய்தவன் செத்துக் கிடப்பான். சாமி தண்டித்தது என்று ஊர் சொல்லும், படித்தவர்கள் காரணம் தேடுவார்கள். இரண்டில் எது சரி என்று கடைசி வரை இழுத்துப் பிடித்ததில்தான் நாகாவின் சாமர்த்தியம் இருந்தது.

மே மாத லீவில் மட்டும் ஊரைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த இருட்டு தெரிந்த இருட்டு. மாட்டுங்காவில் என் நண்பன் வீட்டில் சீரியல் முடிந்ததும் பாட்டி எல்லோர் நெற்றியிலும் விபூதி இட்டுத்தான் தூங்க அனுப்புவார். எனக்கும் கிடைத்திருக்கிறது.

ஆனால் கருப்பு பேயல்ல. காவல் தெய்வம். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவம்கூடக் கிடையாது. சாத்திய கதவுகளுக்குத்தான் சந்தனம் பூசி வணங்குகிறார்கள். அந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிவதில்லை. பம்பாயில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்? அவனுக்குக் கருப்பு என்றால் ஹாரர் ஷோ வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான்.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கம். முதல் வாரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சாமியப் பேயாக்கிட்டானுவளே! அதுவும் இது மதுரைப் பக்கத்துச் சாமில்லா? நம்ம சொடலைய எவம்ல காட்டுதான்?" என்றார். அதற்குமுன் சுடலைமாடன் பெயர் எங்கள் கோலியில் உச்சரிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து சீரியல் முடிந்து டி.வி.யை அணைத்ததும் ஆச்சி ஆரம்பித்துவிடுவார். கொடை நாளில் வில்லுப்பாட்டில் பிறப்புக் கதை ஏறுவது, நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு ஓடுவது, மற்றவர்கள் பின்னால் போகாமல் காத்திருப்பது என்று வாரம் ஒரு துண்டு. தொடர் முடிந்த பிறகும் அவர் கதை முடியவில்லை.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்த செய்தி வந்த இரவு, யூடியூபில் பழைய பாகம் ஒன்றைப் போட்டேன். செம்பூரில் பிறந்த என் மகள் எட்டிப் பார்த்தாள். "யே கருப்பு கோன் ஹை, அப்பா?" என்றாள். நிறுத்திவிட்டு, சுடலையிலிருந்து ஆரம்பித்தேன்.